145 ரூபாய் மிச்சம்

எங்க ஹாஸ்டல்ல எனக்கு 'கணக்குப்பிள்ளை' என்று ஒரு பேர் உண்டு. கணக்குப் பாடத்தில் நான் புலி என்பதால் வந்த பேர் இல்லை. எம்-2 பேப்பரை அரியர் வைத்து எழுதினவன் நான். யாராவது "டேய், டீக்கு வர்றியா?" என்று கேட்டால், சட்டைப் பாக்கெட்டில் இருக்கும் சின்ன நோட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வேன். அதனால் வந்த பேர்.

"நீதான் 1,140 ரூபாய்ல ராமேஸ்வரம் போயிட்டு வந்தவனாச்சே. காசு கம்மியா ஊர் சுத்துறது எப்படின்னு ஒரு கட்டுரை எழுதிக் கொடு" என்று எடிட்டர் கேட்டான். சரி என்று சொல்லிவிட்டேன். எழுத உட்கார்ந்த பிறகுதான், ராமேஸ்வரம் கதையை மட்டும் எழுதினால் பாதி உண்மைதான் எழுதினதாக இருக்கும் என்று தோன்றியது. 145 ரூபாய் மிச்சம் பிடித்த கதை ஒன்று இருக்கு. அதை என் ரூம்மேட்டைத் தவிர காலேஜில் யாருக்கும் முழுசாகச் சொன்னதில்லை. இங்கே ரெண்டையும் சேர்த்தே எழுதுகிறேன். எல்கேஜியில் இருந்து இங்கிலீஷ் மீடியம் படித்தவன், அதனால் ஒற்றுப்பிழை இருந்தால் எடிட்டர் தலையில் போடுங்கள்.

எனக்கு ஊர் சிவகாசி. அப்பா ஒரு ஆப்செட் பிரஸ்ஸில் கட்டிங் மெஷின் ஆபரேட்டர். எங்க ஊரில் ஆடிப்பெருக்கு அன்றைக்கு அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பத்தை வெளியிடுவார்கள். அங்கே ஆரம்பித்து டிசம்பர் வரைக்கும் அப்பாவுக்கு ஓவர்டைம். ஜனவரி வந்தால் ஓவர்டைம் கிடையாது, வெறும் சம்பளம்தான். முதல் வருஷம் அப்பா எனக்கு மாசம் 4,000 ரூபாய் ஜிபேயில் அனுப்பினார். மெஸ் பில் தனி. ரெண்டாம் வருஷம் ஜனவரியில் 3,000 வந்தது. ஏன் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ராத்திரி போனில், "கொஞ்சம் பார்த்துச் செலவு பண்ணு தம்பி" என்று மட்டும் சொன்னார்.

அன்றைக்கு ஸ்டோரில் பத்து ரூபாய் கொடுத்து அந்த நோட்டை வாங்கினேன். இதற்கு ஆயிரம் ஆப் இருக்கு, எனக்கும் தெரியும். ஆனால் போனைத் திறந்தால் செலவை எழுதுவதற்கு முன்னாடி ரீல்ஸ்க்குப் போய்விடுகிறேன். நோட்டுதான் எனக்கு சரிப்பட்டது.

முதல் மாசம் எதையும் குறைக்கவில்லை, எழுத மட்டும் செய்தேன். மாசக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் 3,870. டீயும் பஜ்ஜியும் பப்ஸும் 1,120. ஆப்பில் சாப்பாடு வரவழைத்தது மூணு தடவை, 640. ஊருக்குப் போய் வந்தது 1,050. ரீசார்ஜ் 299. ஜெராக்ஸ், ரெக்கார்டு நோட்டு 310. கடைசியில் 'இதர' என்று ஒரு வரி, 451. எழுதி வைத்தவனுக்கே எதுக்கு என்று ஞாபகம் இல்லாத செலவு அது. இதை வாசிக்கிற யாராக இருந்தாலும் ஒரு மாசம் எழுதிப் பாருங்கள். உங்க 'இதர' எவ்வளவு என்று தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

அந்த லிஸ்ட்டைப் பார்த்தபோது எனக்கு உறைத்தது ஒரு விஷயம். ஏற்கெனவே காசு கொடுத்த பொருளை விட்டுவிட்டு அதே பொருளை மறுபடி காசு கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தேன். மெஸ்ஸில் காலை டிபனுக்கு பில் கட்டியாச்சு. எட்டே முக்கால் வரைக்கும் தூங்கிவிட்டு அதைச் சாப்பிடாமல் ஓடுவது, பத்தரை மணிக்குப் பசி தாங்காமல் கேன்டீனில் பப்ஸும் டீயும் வாங்குவது. லைப்ரரியில் புக் பேங்க் இருக்கும்போது பாதி புத்தகத்தை ஜெராக்ஸ் எடுப்பது. சீனியர் பரணில் போட்டுவிட்டுப் போன டிராப்டர் இருக்கும்போது புதுசு வாங்குவது. காலையில் இருபது நிமிஷம் முன்னாடி எழுந்ததில் மட்டும் அந்த மாசம் நானூறு ரூபாய் குறைந்தது.

ரீசார்ஜ் இன்னொரு கூத்து. 28 நாள் பிளானை நாம் மாசக் கணக்கில் நினைத்துக்கொள்கிறோம். 365-ஐ 28-ஆல் வகுத்துப் பாருங்கள். வருஷத்துக்கு 12 மாசம்தான், ஆனால் 13 தடவை ரீசார்ஜ். ஹாஸ்டல் வைஃபை இருக்கிறவனுக்கு தினம் ரெண்டு ஜிபி எதுக்கு என்று யோசித்துச் சின்ன பிளானுக்கு மாறினேன். நாலு நாள் கை நடுங்கியது, அப்புறம் பழகிவிட்டது.

மெஸ் ரிடக்‌ஷனையும் சொல்லணும். எங்க ஹாஸ்டலில் தொடர்ந்து மூணு நாளுக்கு மேல் ஊருக்குப் போனால், முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் அந்த நாட்களுக்கான காசைக் கழிப்பார்கள். ரெண்டு வருஷமாக அந்த ஃபார்ம் எங்கே கிடைக்கும் என்றே எனக்குத் தெரியாது. வார்டன் ரூம் வாசலில்தான் மாட்டியிருக்கிறது.

அடுத்து பயணம். என் பெரிய செலவு அதுதான். வெள்ளிக்கிழமை ராத்திரி ஆம்னி பஸ்ஸில் ஏறினால் காலையில் சிவகாசி. சுகம்தான். ஆனால் சாதாரண நாளிலேயே எண்ணூறு, தொள்ளாயிரம். தீபாவளிக்கு அதைப் பார்க்கவே வேண்டாம். பகலில் கோயம்புத்தூரில் இருந்து கரூர், திண்டுக்கல், மதுரை வழியாக நாகர்கோவில் போகிற எக்ஸ்பிரஸ் இருக்கு. அதில் விருதுநகர் வரைக்கும் முன்பதிவில்லாத டிக்கெட் நூற்றைம்பது ரூபாய்க்குள் முடிந்துவிடும். அங்கிருந்து சிவகாசிக்கு பஸ். ஒரு பகல் போகும், உண்மைதான். ஆனால் அந்தப் பகலில் ரெக்கார்டு எழுதியிருக்கிறேன், அசைன்மென்ட் முடித்திருக்கிறேன், கரூர் தாண்டி வாயைப் பிளந்து தூங்கியும் இருக்கிறேன்.

ரயில் விஷயத்தில் ரெண்டு வருஷத்தில் கற்றுக்கொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முன்பதிவில்லாத டிக்கெட்டுக்கு கவுன்ட்டரில் நிற்க வேண்டாம், மொபைல் ஆப்பிலேயே எடுக்கலாம். ஆனால் ஸ்டேஷனுக்குள் நுழைந்த பிறகு பேப்பர் இல்லாத டிக்கெட் எடுக்க விடாது, வெளியே இருக்கும்போதே எடுத்துவிடணும். 199 கிலோமீட்டர் வரைக்குமான டிக்கெட் என்றால் மூணு மணி நேரத்துக்குள் கிளம்பியாகணும். காலையிலேயே எடுத்து வைத்துவிட்டு சாயங்காலம் ஏறினால் அது செல்லாது. பகல் ரயிலில் 2எஸ் என்று ஒரு வகுப்பு இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதை எடுங்கள். முன்பதிவுக் கட்டணம் வெறும் 15 ரூபாய்தான், ஆன்லைனில் எடுத்தால் இன்னும் பத்துப் பதினைந்து ரூபாய் கூட வரும். ஒரு டீ, ஒரு வடை காசில் உட்கார இடம் உறுதி. 2024 நவம்பரில் இருந்து 60 நாள் முன்னாடிதான் முன்பதிவு திறக்கிறது. அகடமிக் காலண்டரில் லீவு தேதி வந்த அன்றைக்கே போனில் அலாரம் வைத்துவிடுங்கள். எதுக்கும் இருக்கட்டும் என்று நாலு தேதிக்கு டிக்கெட் போட்டுவிட்டு கேன்சல் பண்ணாதீர்கள். உறுதியான ஸ்லீப்பர் டிக்கெட் ஒன்றுக்குக் குறைந்தது 120 ரூபாய் பிடிப்பார்கள்.

டிக்கெட் விலையை மட்டும் பார்த்து ஏமாறாமல் இருப்பதும் ஒரு பாடம். ஒரு தடவை அறுபது ரூபாய் கம்மி என்று ராத்திரி பன்னிரண்டரைக்கு இறக்கிவிடும் வண்டியில் வந்தேன். டவுன் பஸ் இல்லை. ஸ்டேஷனில் இருந்து காலேஜுக்கு ஆட்டோ 250. ஹாஸ்டல் ரூமில் இருந்து வீட்டு வாசல் வரைக்கும் மொத்தமாகக் கூட்டிப் பார்த்தால்தான் எது மலிவு என்று தெரியும். இந்தக் கணக்கில் எங்க கிளாஸ் பெண்கள் நம்மைவிட ரொம்பத் தூரம் முன்னாடி. 2021 மே மாசத்தில் இருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் அவர்களுக்கு டிக்கெட்டே இல்லை. "நீ நோட்டு வெச்சுக் கணக்கு எழுதுற, எங்களுக்குப் பிங்க் கலர் பஸ் வருதான்னு பார்த்தா போதும்" என்று என் லேப் பார்ட்னர் சொல்வாள்.

இப்படித் தேறின பிறகு வந்ததுதான் ராமேஸ்வரம் ட்ரிப். மூணாம் வருஷம் முடிந்த ஜூலை மாசம். நான், என் ரூம்மேட்டான ஈரோட்டுக்காரன், தேனிக்காரன் ஒருத்தன், இன்னொரு கிளாஸ்மேட், மொத்தம் நாலு பேர். சிங்காநல்லூரில் ராத்திரி பதினோரு மணிக்கு மதுரை பஸ். ராத்திரி பயணம் என்றால் ஒரு நாள் ரூம் வாடகை மிச்சம். ஆரப்பாளையத்தில் விடிவதற்கு முன் இறங்கி, ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் நடந்தோம். அந்த நேரத்திலும் மதுரையில் டீக்கடை திறந்திருக்கும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. காலை ரயிலில் ராமேஸ்வரம்.

மெக்கானிக்கல் படிக்கிறவனுக்குப் பாம்பன் பாலம் ஒரு கோவில். 1914-இல் திறந்த பழைய பாலத்தில் நடுப்பகுதி ரெண்டாகப் பிரிந்து கப்பலுக்கு வழி விட்டது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே லிஃப்ட் மாதிரி மேலே போகும். ரயிலில் கடந்தபோது நாலு பேரும் கதவுப் பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயே பேசவில்லை. மறுநாள் ரோட்டுப் பாலத்தின் ஓரம் நின்று, ரெண்டு பாலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். மூணு வருஷமாக மெஷின் டிசைன் கிளாஸில் எனக்குப் புரியாத கவுன்ட்டர்வெயிட், அங்கே அரை மணி நேரத்தில் புரிந்தது. செலவு சைபர்.

பேய்க்கரும்பில் அப்துல் கலாம் நினைவிடத்துக்கும் கட்டணம் இல்லை. தனுஷ்கோடிக்கு டவுன் பஸ்ஸே போகிறது, வேன் பேச வேண்டாம். 1964 டிசம்பர் புயலில் போன ஊர் அது. இடிந்த சர்ச் சுவர் பக்கத்தில் நின்றபோது எங்க கூட்டத்தில் எப்போதும் சளசளக்கிற தேனிக்காரன்கூட அமைதியாகிவிட்டான். ராத்திரிக்கு நாலு பேருக்கும் சேர்த்து 800 ரூபாயில் ஒரு ரூம்.

ஆளுக்கு ஆன கணக்கு: மதுரை போக வர பஸ் 400, ரயிலும் உள்ளூர் பஸ்ஸும் 160, ரூம் 200, சாப்பாடு 330, டீ 50. மொத்தம் 1,140. ஸ்டேட்டஸில் இந்தக் கணக்கைப் போட்டேன். நாற்பது பேர் 'மாஸ்' என்று ரிப்ளை பண்ணினார்கள்.

ஸ்டேட்டஸில் போடாதது ரெண்டு விஷயம்.

தனுஷ்கோடியில் ஒரு பாட்டி சிப்பி மாலை விற்றுக்கொண்டிருந்தார். தங்கச்சிக்கு ஒன்று எடுத்தேன். 50 சொன்னார். நான் 30-க்குக் கேட்டேன். அஞ்சு நிமிஷம் பேசி, போவது மாதிரி ரெண்டு தடவை நடந்து காட்டி, 30-க்கே வாங்கிவிட்டேன். பஸ்ஸில் ஏறினதும் தேனிக்காரன் கேட்டான்: "இருபது ரூபாய்க்கு அந்த அம்மாகிட்ட வெயில்ல அஞ்சு நிமிஷம் நின்னியே. ஆப்ல டிக்கெட் போடும்போது அது கேக்குற காசை ஒரு வார்த்தை பேசாம குடுக்குறேல்ல?" நான் சிரித்து மழுப்பினேன். அவன் சிரிக்கவில்லை.

இன்னொன்று, அந்தக் கணக்கில் இருக்கும் 'டீ 50'. நாலு பேரும் ரெண்டு நாளில் குடித்த டீக்கு 50 போதாது. ட்ரிப் முடிந்து வந்த ராத்திரி நான் நோட்டில் எழுதுவதை ஈரோட்டுக்காரன் எட்டிப் பார்த்தான். ஹாஸ்டலிலும் ரொம்ப நாளாகவே "எனக்கு டீ வேண்டாம்டா" என்று சொல்லிவிட்டு அவன் கிளாஸில் இருந்து ரெண்டு மடக்கு குடிப்பது, அவன் வாங்குகிற பஜ்ஜியில் ஒன்று எடுப்பது என்று நான் இருந்திருக்கிறேன். நோட்டில் அந்த நாளெல்லாம் 'டீ - 0'. அவன் கோபப்படவில்லை. படுத்துக்கொண்டே சொன்னான்: "உன் நோட்டுல ஜீரோன்னு இருக்கறதெல்லாம் என் கணக்குல இருக்குடா."

அவன் அப்பாவுக்கும் ஓவர்டைம் இல்லாத மாசம் இருக்கும் என்று அதுவரைக்கும் நான் யோசித்ததே இல்லை. ரெண்டு நாள் எனக்கு வெட்கமாக இருந்தது. அப்புறம் மறந்துவிட்டேன். மறுபடி ஞாபகம் வந்தது செப்டம்பரில்.

செப்டம்பரில் சென்னையில் ஒரு கம்பெனி ஆஃப்-கேம்பஸ் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டது. ஆன்லைன் டெஸ்ட் முடித்து நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். எங்க கிளாஸில் இருந்து அந்த ரவுண்டுக்குப் போனது நான் ஒருத்தன்தான். மூணு நாள் முன்னாடி ரயில் பார்த்தேன். ஸ்லீப்பரில் ஆர்ஏசி காட்டியது. ஆர்ஏசி என்றால் வண்டியில் ஏறலாம், குறைந்தது உட்கார இடம் உறுதி, யாராவது கேன்சல் பண்ணினால் பெர்த்தும் கிடைக்கும். இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். நான்தான் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற ஆள். ஆனால் முன்பதிவில்லாத டிக்கெட்டுக்கும் அதுக்கும் 145 ரூபாய் வித்தியாசம். 'ஒரு ராத்திரிதானே' என்று நினைத்தேன். அந்த மாசம் நோட்டில் 2,500-க்குள் முடித்துக் காட்டணும் என்று ஒரு வெறி வேறு. யாருக்குக் காட்ட என்று கேட்டால் பதில் இல்லை. அப்பா 3,000-தான் அனுப்பியிருந்தார், 2,500-க்குள் முடி என்று அவர் சொல்லவில்லை.

வண்டி வேறு ஊரில் இருந்து வருவது. கோயம்புத்தூருக்கு வரும்போதே பொதுப்பெட்டி நிரம்பியிருந்தது. கதவுக்குப் பக்கத்தில், டாய்லெட்டை ஒட்டி, ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒவ்வொரு தடவை யாராவது உள்ளே போகும்போதும் காலை மடக்கணும், எழுந்து நிற்கணும். சேலத்தில் இன்னும் கூட்டம் ஏறியது. ஜோலார்பேட்டை வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன். அதுக்கப்புறம் ஒரு அண்ணன் தள்ளி உட்கார்ந்து அரை சீட் கொடுத்தார். கண்ணை மூடினால் கழுத்து சாய்ந்து முழிப்பு வந்துவிடும். அயர்ன் பண்ணின சட்டையைப் பையில் வைத்திருந்தேன். பையை யாரோ மிதித்துவிட்டார்கள்.

சென்னையில் இறங்கி முகம் கழுவி, சட்டையைக் கையாலேயே நீவிப் போட்டுக்கொண்டேன். அம்மா உணவகத்தில் நாலு இட்லி, நாலு ரூபாய். 2013-இல் ஆரம்பித்த நாளில் இருந்து இட்லி அங்கே ஒரு ரூபாய்தான். பார்க் ஸ்டேஷனில் இருந்து கிண்டிக்கு லோக்கல் ரயில் அஞ்சு ரூபாய். காலைச் செலவு மொத்தம் ஒன்பது ரூபாய். பெருமையாகக்கூட இருந்தது.

பத்தே காலுக்குக் கூப்பிட்டார்கள். முதல் கேள்வி, ஒரு கான்டிலீவர் பீம், நுனியில் ஒரு லோடு, பெண்டிங் மொமென்ட் டயக்ரம் வரையச் சொன்னார்கள். செகண்ட் இயரில் படித்தது, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லலாம் என்று பேசிக்கொள்வோமே, அந்த மாதிரி கேள்வி. தூங்கியிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. மொமென்ட் அதிகமாக இருப்பது சுவரில் பதித்திருக்கும் முனையில். நான் லோடு இருக்கும் நுனியில் உச்சத்தை வரைந்து, அதை நம்பிக்கையோடு விளக்கியும் விட்டேன். எதிரில் இருந்த மேடம், "மறுபடி ஒரு தடவை பாருங்க" என்று ரெண்டு வாய்ப்புக் கொடுத்தார்கள். பேப்பரைப் பார்க்கிறேன், கோடு தெரிகிறது, அதில் என்ன தப்பு என்று தெரியவில்லை.

அவர்கள் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார்கள்: "எப்ப கிளம்பி வந்தீங்க தம்பி?"

"நேத்து நைட்டு, மேடம்."

"தூங்கினீங்களா?"

நான் "ம்" என்றேன். அவர்கள் வேறு ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த ரவுண்டு லிஸ்ட்டில் என் பேர் இல்லை.

நன்றாகத் தூங்கியிருந்தால் வேலை கிடைத்திருக்கும் என்று சொல்ல வரவில்லை. வந்திருந்தவர்களில் என்னைவிட நல்லாப் படித்தவர்கள் நிறைய. ஆனால் தோற்பதாக இருந்தாலும் எனக்குத் தெரியாத கேள்வியில் தோற்றிருக்கணும். தெரிந்த கேள்வியில் தோற்றதுதான் வலித்தது. திரும்பி வருகிற ரயிலில் நோட்டை எடுத்து 'மிச்சம் 145' என்று எழுதினதை அடித்துவிட்டேன். அந்தப் பக்கம் இன்னும் அப்படியே இருக்கு.

பூஜை லீவுக்கு ஊருக்குப் போனேன். சீசன் உச்சம். ராத்திரி ஒன்பது மணிக்கு அப்பாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு பிரஸ்ஸுக்குப் போனேன். டெய்லி காலண்டர் தாள் கட்டுக் கட்டாக அடுக்கியிருந்தது. அப்பா ஒரு கட்டைத் தட்டிச் சமன் பண்ணி மெஷினில் வைத்தார், கத்தி இறங்கியது, ஓரம் சுருள் சுருளாகக் கீழே விழுந்தது. அவர் கை கழுவி வந்து உட்கார்ந்த பிறகு, சென்னை கதையைச் சொன்னேன். 145 ரூபாய் உட்பட.

கொஞ்ச நேரம் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார். அப்புறம், "என்கிட்ட கேட்டிருக்கலாம்ல" என்றார்.

"நீங்க ராத்திரி பதினோரு மணி வரைக்கும் நிக்கிறீங்க. அதான் கேக்கல."

அதுக்கு அவர் பதில் சொல்லவில்லை. சாப்பிட்டு முடித்ததும் ஒரு தாளை எடுத்துக் காட்டினார். மூலையில் மெல்லிசாக ஒரு கோடு, கட்டிங் மார்க். "இந்த மார்க்குக்கு வெளிய மூணு மில்லி விட்டிருக்காங்க பாரு. அது வெட்டிப் போடுறதுக்குத்தான் இருக்கு. அதை வெட்டலைன்னா வேலை அசிங்கமா இருக்கும். ஆனா மார்க்கைத் தாண்டி உள்ள போச்சுன்னு வையி, தேதி போயிரும். அப்புறம் மொத்தக் கட்டும் பழைய பேப்பர் கடைக்குத்தான்." தாளை மடித்துக் கீழே போட்டுவிட்டு, "சிக்கனம் பண்ணு தம்பி, வேண்டாங்கல. எங்க வெட்டுறோம்னு பார்த்து வெட்டு" என்றார். அப்புறம் மெஷினுக்குப் போய்விட்டார்.

அப்பா பத்தாவது வரைக்கும் படித்தவர். பெட்டிக்கடை டீயில் இருந்து ஹாஸ்டல் வரைக்கும் நான் ரெண்டு வருஷம் எழுதின நோட்டில் இல்லாத ஒன்று அந்தத் தாளின் மூலையில் இருந்தது. கோட்டுக்கு வெளியே இருப்பது எது, உள்ளே இருப்பது எது என்று நான் ஒருநாளும் பிரித்துப் பார்த்ததில்லை. எல்லாவற்றையும் ஒரே கத்தியால் வெட்டிக்கொண்டிருந்தேன்.

இப்போது பிரித்து வைத்திருக்கிறேன். என் கோடு உங்களுக்குப் பொருந்தணும் என்று இல்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

ஆம்னி பஸ், ஆப் சாப்பாடு, பெரிய டேட்டா பிளான், சாப்பிடாமல் விட்ட மெஸ் டிபன், கேன்சல் பண்ணின டிக்கெட், 'இதர' எல்லாம் கோட்டுக்கு வெளியே. தயங்காமல் வெட்டலாம், ஒரு தேதியும் போகாது.

பரீட்சைக்கோ இன்டர்வியூவுக்கோ முந்தின ராத்திரி தூக்கம் கோட்டுக்கு உள்ளே. அதுக்கு ஸ்லீப்பர் டிக்கெட் போடுங்கள், முடிந்தால் ஒரு நாள் முன்னாடியே போய்ச் சொந்தக்காரர் வீட்டிலோ சீனியர் ரூமிலோ தங்குங்கள். ஸ்டேஷன் ரிடையரிங் ரூமையும் மறக்காதீர்கள். உறுதியான டிக்கெட்டோ ஆர்ஏசியோ இருந்தால் அந்த பிஎன்ஆரை வைத்து ஆன்லைனிலேயே புக் பண்ணலாம். லீவுக்கு ஊருக்குப் போகும்போது பொதுப்பெட்டியில் நின்றுகொண்டே போங்கள், தப்பே இல்லை. வீட்டுக்குப் போய்த் தூங்கிக்கொள்ளலாம். ஒரே டிக்கெட்தான், ஒரு நாள் அது சிக்கனம், இன்னொரு நாள் அது நஷ்டம்.

உடம்புக்கு முடியாதபோது டாக்டரைப் பார்க்கிற காசும் உள்ளே. போன் கவருக்குப் பின்னால் மடித்து வைத்த ஒரு 500 ரூபாய்த் தாளும் உள்ளே. டிசைன் பண்ணும்போது பார்ட் தாங்குகிற அளவுக்குச் சரியாக லோடு கொடுக்க மாட்டோம், ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி வைப்போம். பட்ஜெட்டை மட்டும் ஏன் கடைசி ரூபாய் வரைக்கும் இழுக்கணும்?

இன்னொன்றுதான் எனக்குக் கஷ்டமான கோடு. நான் கொடுக்க வேண்டியதை வேறு யாராவது கொடுத்தால் அது மிச்சம் இல்லை. ஃப்ரெண்டு வாங்கின டீ, வெயிலில் உட்கார்ந்திருக்கிற பாட்டியின் இருபது ரூபாய், ரெண்டுமே அந்தக் கணக்குதான். நோட்டில் இப்போது ஒரு காலம் கூடுதலாகப் போட்டிருக்கிறேன்: 'யார் கொடுத்தது'. இந்தக் காலம் வந்த பிறகு மாசச் செலவு 2,500-இல் இருந்து 2,800 ஆகியிருக்கு. அப்பா அனுப்புவதற்குள் அடங்குகிறது, போதும்.

போன மாசம் மறுபடி சென்னையில் ஒரு இன்டர்வியூ. ஸ்லீப்பரில் ஆர்ஏசிதான் கிடைத்தது. முதலில் பாதி பெர்த், சேலம் தாண்டி டிடிஇ வந்து முழு பெர்த் கொடுத்தார். சட்டையைக் கம்பியில் மாட்டிவிட்டு அரக்கோணம் வரைக்கும் தூங்கினேன். அன்றைக்கும் காலையில் நாலு இட்லிதான், லோக்கல் ரயில்தான், அதில் மாற்றம் இல்லை. கான்டிலீவரைத் தலைகீழாகப் படித்துவிட்டுப் போனேன், அவர்கள் அதைக் கேட்கவே இல்லை. தெரிந்ததைத் தெரிந்த மாதிரி சொல்லிவிட்டு வந்தேன். ரிசல்ட் இன்னும் வரவில்லை.

எட்டு மணி, மெஸ் மணி அடித்துவிட்டது. பில் கட்டின சாப்பாடு, விடக் கூடாது. இன்றைக்கு நோட்டில் எழுதினது ஒரே ஒரு வரிதான்: டீ - 30. எனக்கும் ஈரோட்டுக்காரனுக்கும்.